தொட்டிக்கம்பை இறக்கம்

நீலகிரியில் வண்டி ஓட்டுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறவர்கள் ஒரு வகை. அப்படி விட்டதே இல்லை என்று சொல்லிக்கொண்டு விடுகிறவர்கள் இன்னொரு வகை. சின்னராஜ் இரண்டாவது வகை. குன்னூருக்குப் பக்கத்தில் வேலுசாமியின் டீ ஃபாக்டரியில் அவன் இலை வண்டி ஓட்டினான். காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம், மலைக்கு மேலே இருக்கும் தொட்டிக்கம்பைக்குக் காலி வண்டியை ஏற்றிக்கொண்டு போவான். அங்கே சிறு விவசாயிகள் பறித்து வைத்திருக்கும் பச்சைத் தேயிலையைச் சாக்குச் சாக்காக ஏற்றி, கீழே ஃபாக்டரிக்கு இறக்கிக்கொண்டு வருவான். ஏறும்போது வண்டி குடித்த டீசலுக்கு ஈடாக இறங்கும்போது அதற்கு ஒரு சொட்டும் கொடுக்க மாட்டான். பெரிய வளைவு தாண்டியதும் கியரை விடுவித்தால் ஃபாக்டரி கேட் வரை வண்டி தானாக வரும். பிரேக் கருகும் வாசனையை வைத்தே எங்கே மிதிப்பது, எங்கே விடுவது என்று அவனுக்குத் தெரியும்.

இது தப்பு என்றும் தெரியும். சில வருஷங்களுக்கு முன்னால் அதே ஃபாக்டரியின் வண்டி ஒன்று நியூட்ரலில் வந்து, பிரேக் பிடிக்காமல் தேயிலைச் சரிவில் உருண்டது. டிரைவருக்கு இடுப்பு போயிற்று. அன்றிலிருந்து ஆபீஸ் கதவில் ஒரு போர்டு தொங்கியது: நியூட்ரலில் ஓட்டினால் வேலை கிடையாது. அந்த போர்டை மாட்டிய அதே வேலுசாமிதான் வருஷா வருஷம் டீசல் மிச்சம் பிடித்த டிரைவருக்கு வேட்டி சட்டை எடுத்துக் கொடுப்பார். கொஞ்ச காலமாக அதைச் சின்னராஜைத் தவிர யாரும் வாங்கவில்லை. டீசல் எப்படி மிச்சமாகிறது என்று முதலாளி கேட்டதில்லை, இவனும் சொன்னதில்லை. இந்த மாதிரி பேசாத ஒப்பந்தங்களில்தான் மலையில் பாதி வியாபாரம் நடக்கிறது.

அப்புறம் தேயிலை விலை விழுந்தது. விழுந்தது என்றால் ஒரு கிலோ பச்சை இலை விற்ற காசில் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடிக்க முடியாத அளவுக்கு விழுந்தது. விவசாயிகள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள், எழுந்தார்கள். பக்கத்தில் இரண்டு ஃபாக்டரிகளைப் பூட்டினார்கள். வேலுசாமி கோயம்புத்தூரில் பஞ்சு வியாபாரம் பார்த்த குடும்பத்தில் வந்தவர், நஷ்டம் வருவதற்கு முன்பே மோப்பம் பிடிக்கிற மூக்கு அவருக்கு. ஒருநாள் சின்னராஜைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"தொட்டிக்கம்பை இலைக்குக் குடுக்கறதவிட அதைக் கொண்டாற டீசலுக்குக் குடுக்கறது ஜாஸ்தியா இருக்குது, சின்னராசு. மார்ச்சோட அந்த லைனை நிறுத்திப்போடலாம்னு இருக்கறேன்."

லைன் நின்றால் டிரைவரும் நிற்க வேண்டியதுதான். சின்னராஜுக்கு மகள் சுஜாதா காலேஜில் அப்போதுதான் சேர்ந்திருந்தாள். அவன் "சரிங்க முதலாளி" என்று வெளியே வந்து, வண்டி டயரை ஒரு உதை உதைத்தான். டயருக்கு ஒன்றும் ஆகவில்லை.

இந்தச் சமயத்தில்தான் பிரீத்தி வந்து சேர்ந்தாள். பொள்ளாச்சிப் பெண், கோயம்புத்தூரில் ஒரு காலேஜில் ஆராய்ச்சி செய்கிறவள். மலையில் இருக்கிறவர்கள் மின்சார வண்டியைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதுதான் ஆராய்ச்சி. டீக்கடை டீக்கடையாக உட்கார்ந்து கேட்டாள். ஜனங்களும் தாராளமாகச் சொன்னார்கள். மழையில் நனைந்தால் ஷாக் அடிக்கும் என்றார் ஒருவர். காற்றடித்தால் ஊருக்கே கரண்ட் இல்லை, வண்டிக்கு எங்கே போவது என்றார் இன்னொருவர். வெலிங்டனிலிருந்து வந்த ஒரு ஆட்டோக்காரர், சத்தமில்லாத வண்டியில் போனால் காட்டெருமை ஒதுங்காது, பக்கத்தில் போய் நின்ற பிறகு இரண்டு பேரும் சேர்ந்துதான் பயப்பட வேண்டும் என்றார். பிரீத்தி சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டாள்.

கேள்வியோடு ஒரு வண்டியும் வந்தது. ஏதோ கம்பெனி ஆராய்ச்சிக்காக ஒரு மின்சாரச் சரக்கு வண்டியைக் கடனாகக் கொடுத்திருந்தது. ஃபாக்டரி வேலையில் குளிர்காலம் முழுக்க ஓட்டிப் பார்க்கலாம். ஓசி வண்டி என்றதும் வேலுசாமி தலையாட்டிவிட்டார். ஒரு சார்ஜில் தொட்டிக்கம்பைக்கு இரண்டு டிரிப் போய் வந்தால் வண்டியை வாங்கிக்கொள்வதாகவும், லைனை நிறுத்தாமல் ஓட்டுவதாகவும் சொன்னார். போகாவிட்டால் வண்டியும் போகும், லைனும் போகும். சின்னராஜின் சோறு அந்த இரண்டு டிரிப்பில் வந்து நின்றது.

கம்பெனி ஆள் வந்து பாடம் நடத்தினார். கியர் கிடையாது, ஒரு திருகுதான். முன்னால் போக D, பின்னால் போக R, நடுவில் N. "எப்பவும் D-லயே வையுங்க, இறக்கத்துல கூட" என்றார். லைசென்ஸ் ஆபீசில் தலையாட்டுகிற மாதிரி சின்னராஜ் தலையாட்டினான். N என்ற எழுத்தைப் பார்த்ததும் அவனுக்குத் தெரியாத ஊரில் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது. எந்த ஊர் வண்டியானாலும் இறக்கத்தில் எதுவும் செலவாகாமல் வருவதற்கு வழி ஒன்றுதான். டீசலில் பிடித்த மிச்சத்தைக் கரண்டில் பிடிக்க முடியாதா என்ன.

பிடித்தான். பெரிய வளைவு தாண்டியதும் திருகை N-க்குத் திருப்பினால் வண்டி பூனை மாதிரி இறங்கியது. ஆனால் மத்தியான டிரிப்பில் ஏறும்போது, தொட்டிக்கம்பைக்குப் பாதி வழியில், சார்ஜ் தீர்ந்து படுத்துக்கொண்டது. டீசல் வண்டி போய்க் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. மேலே மூக்கம்மா என்கிற விவசாயி தன் அரை ஏக்கர் இலையைச் சாக்கில் கட்டி ரோட்டோரம் காத்திருந்தாள். சாயங்காலத்துக்குள் சாக்கு சூடேறி இலை சிவந்துவிட்டது. அந்த அம்மாள் சாக்கை அவிழ்த்து இலையைச் செடிக்கே எருவாகக் கொட்டிவிட்டுப் போனாள்.

வேடிக்கை என்னவென்றால், பிரீத்தி பக்கத்தில் உட்கார்ந்து வந்த நாட்களில் வண்டி படுக்கவில்லை. அவள் வெளியாள், படித்த பெண், ஏறியதும் பெல்ட் போடுகிறவள். அவள் முன்னால் நியூட்ரலில் விட்டு ஆபீஸ் போர்டுக்கு ஆளாக அவனுக்கு ஆசையில்லை. அந்த நாட்களில் ஒழுங்காக D-யிலேயே வந்தான், இரண்டு டிரிப்பும் போனான். அவள் வராத நாளில் வண்டி வழியில் நின்றது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவனுக்குத் தோன்றவே இல்லை. நியூட்ரலில் விட்டால் மிச்சம் என்பது இரவு இருட்டும் என்பது மாதிரி அவனுக்குத் தெரிந்த விஷயம், அதை யார் சந்தேகப்படுவார்கள்?

வேலுசாமிக்குச் சேர்த்துப் பார்க்கத் தோன்றியது. "அந்தப் புள்ள வந்தா ஓடுது, வராட்டி படுத்துக்குது. என்ன விசயம்?"

சின்னராஜ் பயந்துபோனான். முதலாளி டிரைவரைப் பார்த்துத்தான் கேட்கிறார். வாய்க்கு வந்தது வந்துவிட்டது.

"வண்டியில கோளாறு இல்லீங்க முதலாளி. ராத்திரி சார்ஜ் ஏத்தறதுல ஏதோ இருக்குதுங்க. இசக்கியண்ணன் ரூமுல ஒரு கரண்ட் அடுப்பு பாத்தனுங்க."

இசக்கிமுத்து ஃபாக்டரியின் வாட்ச்மேன். சின்ன வயதில் சிலோனிலிருந்து கப்பலில் வந்து, தாயகம் திரும்பியவர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில், லயத்தில், வளர்ந்தவர். அவருடைய தகர ரூமில் இருந்த ஒரே பெரிய பிளக்கிலிருந்துதான் ஜன்னல் வழியாக வண்டிக்குக் கம்பி போனது. சின்னராஜ் பொய் சொல்லவில்லை, அடுப்பு இருந்தது. காலையில் வண்டியின் சார்ஜ் மீட்டர் நூறு காட்டுகிறதே என்று வேலுசாமி கேட்டார். அதற்கும் இவனிடம் பதில் இருந்தது. "செல்போனப் பாருங்க முதலாளி. பாதியில புடுங்கிப் புடுங்கிப் போட்டா ஃபுல்லுன்னுதான் காட்டும், உள்ளுக்குள்ள ஒண்ணும் இருக்காதுங்க." மறுநாள் பிரீத்தி வருகிறாள் என்றால் மட்டும் வாட்ச்மேன் அடுப்பைத் தொடுவதில்லை போலிருக்கிறது என்று மீதியை வேலுசாமியே கட்டிக்கொண்டார். பேட்டரிக்கு நோய் ஒருநாள் வந்து ஒருநாள் விடுமா என்று யாரும் கேட்கவில்லை. ஆளைக் குறைக்க முதலாளிக்கும் ஒரு காரணம் தேவையாக இருந்தது.

இசக்கிமுத்துவைக் கூப்பிட்டார்கள். அடுப்பை எடுத்து மேசைமேல் வைத்து, இனி வேலை இல்லை என்றார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டே நின்று, குனிந்துகொண்டே போனார். அவர் பேசாமல் போனதே குற்றத்தை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. சின்னராஜுக்கும் அப்படித்தான் பட்டது. அதில் அவனுக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது.

அந்த நிம்மதி ரொம்ப நாள் தாங்கவில்லை. அடுத்த முறை பிரீத்தி வந்தபோது இறக்கத்தில் அவன் கண் தற்செயலாக மீட்டர் பக்கம் போனது. நாற்பத்தொன்று இருந்தது. பெரிய வளைவுக்கு அப்புறம் பார்த்தால் நாற்பத்திரண்டு.

"ஏனுங்க அம்மணி, இது என்ன ஏறுது?"

"இறக்கத்துல மோட்டாரே டைனமோ மாதிரி சுத்தி பேட்டரியில கரண்ட் ஏத்துமுங்கண்ணா. ஏறும்போது செலவானதுல பாதி இறங்கும்போது திரும்பி வந்துரும், D-ல இருந்தா. ட்ரெயினிங்ல சொல்லலீங்களா?"

"சொன்னாங்க அம்மணி" என்றான் சின்னராஜ்.

"N-ல விட்டா ஏறாது. ஆனா மலை ரோட்டுல N-ல யாரு விடுவாங்க?" என்று அவள் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். சாக்குகள் நிறைந்த வண்டி, தன் பாரத்தாலேயே கரண்ட் செய்துகொண்டு இறங்கியது. இத்தனை நாள் மிச்சம் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு அத்தனையையும் ரோட்டில் கொட்டியிருக்கிறான்.

மறுநாள் தனியாகப் போனபோதும் D-யில் வந்தான். இரண்டு டிரிப்பும் முடிந்து மீட்டரில் மீதி இருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. வேலுசாமி கேட்டுக்கே வந்து நின்றார்.

"பாத்தியா சின்னராசு? ஆளைத் தாட்டி உட்டதும் வண்டி நல்லாயிருச்சு."

ஃபாக்டரி முழுக்க அதே பேச்சு. இலை வாட்டுகிறவர்கள், சாக்கு தைக்கிறவர்கள், எல்லோருக்கும் இப்போது சந்தேகமே இல்லை, இசக்கிமுத்துதான். முன்னால் சந்தேகமாக இருந்தது இவன் ஒழுங்காக ஓட்ட ஓட்ட நிரூபணமாகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நல்ல டிரிப்பும் அந்த மனிதர்மேல் ஒரு சாக்கு பழியை ஏற்றியது. ஒருநாள் பெரிய வளைவில் அவன் கை N-க்குப் போனது. வண்டி மறுபடி படுத்தால், வாட்ச்மேன் இல்லாமலும் படுக்கிறது என்று தெரிந்துபோகும். கை திருகின்மேல் இருந்தபடியே வளைவு வந்தது, போனது. மத்தியான டிரிப்புக்கு மேலே மூக்கம்மா காத்திருப்பாள். லைன் நின்றால் சுஜாதாவின் படிப்பு நின்றுபோகும். கையை எடுத்துவிட்டான். அன்று முழுக்கத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

பிரீத்தியிடம் சொன்னால் அவள் முதலாளியிடம் சொல்லிவிடுவாள், தன் வாயால் சொல்ல வேண்டியதில்லை என்று ஒரு கணக்குப் போட்டான். டீக்கடையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னான். நியூட்ரலில் விட்டது, வண்டி நின்றது, இசக்கிமுத்துவின் அடுப்பைக் காட்டிக்கொடுத்தது. அவள் டீயை மறந்து கேட்டாள்.

"அண்ணா, இது ரொம்ப முக்கியமுங்க. வண்டி மேல நம்பிக்கை இல்லைன்னுதான் இவ்வளவு நாள் எழுதிட்டிருந்தேன். பழக்கம்தான் விசயம்னு இப்பத்தான் புரியுது. நீங்க கவலைப்படாதீங்க, உங்க பேரு எங்கயும் வராது. நீங்க சொன்னதுன்னு உங்க முதலாளிக்குக்கூடத் தெரியாது. அது எங்க ஆராய்ச்சியோட விதி."

"சொன்னாலும் பரவால்லீங்க அம்மணி."

"இல்லீங்கண்ணா. நாங்க சொல்லக் கூடாது. அந்தப் பெரியவருக்கு நீங்கதான் எதாவது பண்ணோணும்."

அவள் நல்ல பெண். அதனால்தான் உதவாமல் போனாள்.

கடைசியில் வேலுசாமியே வண்டியில் ஏறினார். வாங்குவதற்கு முன்னால் ஒருதரம் உட்கார்ந்து பார்க்க வேண்டுமாம். தொட்டிக்கம்பையில் இலை ஏற்றிக்கொண்டு இறங்கினார்கள். மீட்டரில் ஒன்று ஏறியதைப் பார்த்து முதலாளிக்குச் சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷம். பெரிய வளைவு தாண்டியது. சின்னராஜ் திருகை N-க்குத் திருப்பினான்.

வண்டி வேகம் பிடித்தது. வேலுசாமி கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். மீட்டர் அசையவில்லை. கொஞ்ச தூரம் போனதும் சின்னராஜ் பிரேக்கை மிதித்து, மறுபடி D-க்குத் திருப்பி, ஓரமாக நிறுத்தினான்.

"இப்படித்தானுங்க முதலாளி நான் ஓட்டிட்டிருந்தேன். இப்படி உட்டா சார்ஜ் ஏறாது. அதுதான் வண்டி நின்னுபோச்சுங்க. இசக்கியண்ணன் ஒண்ணும் பண்ணலீங்க."

வேலுசாமி ரோட்டைப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார். போர்டு, வேலை, வீடு என்று சின்னராஜின் மனதில் எல்லாம் ஓடியது. முதலாளி அதில் எதையும் சொல்லவில்லை.

"அப்ப வண்டியில ஒரு கோளாறும் இல்ல?"

"இல்லீங்க."

"நெசமாலுமே ரெண்டு டிரிப்பு வரும்?"

"வருமுங்க."

"அப்பறம் என்ன. இனிமேப்பட்டு D-லயே ஓட்டு. இந்த ரோடு தெரிஞ்ச வேற ஆளை நான் எங்க போய்த் தேடறது? எடு வண்டிய."

சின்னராஜ் எடுக்கவில்லை. "இசக்கியண்ணனைத் திரும்பக் கூப்பிடலாங்களா?"

"அவரு பண்ணலைன்னு நீ சொல்றது சரி. நான் நம்பறேன்" என்றார் வேலுசாமி. குரலில் கோபமே இல்லை. "ஆனா அவரு போயி இத்தனை நாளாச்சு. ஃபாக்டரியில என்ன காணாமப் போச்சு? ஒரு சாக்குக்கூடப் போகல. விக்கிற வெலைக்கு வாட்ச்மேன் எதுக்கு? ஒரு கேமரா மாட்டிக்கலாம்."

சின்னராஜ் வண்டியை எடுத்தான். உண்மையைச் சொன்னால் ஒன்று தான் அழிவோம், இல்லை இசக்கிமுத்து பிழைப்பார் என்று சின்னராஜ் நினைத்திருந்தான். இரண்டும் நடக்கவில்லை. லைன் பிழைத்தது, வேலை பிழைத்தது, வண்டியும் ஃபாக்டரிக்கு வந்தது. போனது இசக்கிமுத்துவுடையது மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவர் திருப்பூர் போகிறார் என்று கேள்விப்பட்டான். அங்கே மகள் வேலை செய்யும் பனியன் கம்பெனியில் வாட்ச்மேன் வேலையாம். முதலாளியிடம் கேட்டு மின்சார வண்டியை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனான். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு சுருட்டிய கம்பளி, ஒரு பை. இசக்கிமுத்து வெளியே நின்றிருந்தார்.

"குன்னூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுபோய் உட்டுர்றேன் அண்ணே."

"நீயாவது வந்தியே, தம்பி" என்று ஏறிக்கொண்டார்.

தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே வண்டி சத்தமில்லாமல் இறங்கியது. பல இடங்களில் கவாத்து பண்ணாமல் விட்ட செடி ஆள் உயரத்துக்கு மரமாகி நின்றது. இசக்கிமுத்து வண்டியை உள்ளே சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இத்தனை நாள் காவல் காத்த வண்டியில் முதல் தடவையாக உட்கார்ந்திருக்கிறார்.

"இப்ப நல்லா ஓடுதாமே. கேட்டுச் சந்தோசப்பட்டேன்" என்றார். "ஒரே ஒரு நாள்தான் தம்பி. நல்ல பனி. உன் பிளக்கைப் புடுங்கிட்டு ஒரு சட்டி தண்ணி சுட வச்சேன். திரும்பச் சொருகிட்டேன். அதுலயா வண்டி கெட்டுச்சுன்னு எனக்கே வெளங்கல. ஆனா செஞ்சது செஞ்சதுதானே. நம்மால ஒரு ஊரு இலை கெட்டுப்போச்சேன்னு மககிட்டகூடச் சொல்லி அழுதேன்."

சின்னராஜுக்கு இப்போதுதான் புரிந்தது. இந்த மனிதர் குனிந்து நின்றது இதற்காகத்தான். செய்யாத குற்றத்தைத் தானும் நம்பியிருக்கிறார். சொல்லாமல் பஸ் ஏற்றிவிட்டால் அவன் வந்து உதவின நல்லவனாகவே அவர் மனதில் இருந்துவிடலாம். மீட்டர் ஐம்பத்து மூன்றிலிருந்து ஐம்பத்து நாலாயிற்று.

"அண்ணே, அந்த மீட்டரைப் பாருங்க. ஏறுது பாத்தீங்களா? இறக்கத்துல தானா ஏறும். நான் நியூட்ரல்ல உட்டு அதை ஏற உடாமப் பண்ணிட்டேன். வண்டி நின்னது என்னால. உங்க அடுப்பைப் பத்தி முதலாளிகிட்டச் சொன்னதும் நான்தான்."

இசக்கிமுத்து மீட்டரைப் பார்த்துக்கொண்டே வந்தார். அவர் திட்டுவார் என்று சின்னராஜ் காத்திருந்தான், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"வண்டிய நிறுத்துங்க" என்றார்.

"பஸ் ஸ்டாண்டு இன்னும் தூரம் அண்ணே."

"நிறுத்துங்க."

நிறுத்தினான். அவர் இறங்கி, பின்னால் போய், பெட்டியைத் தானே இழுத்து இறக்கினார். உதவிக்குப் போனவனைக் கையால் தடுத்தார். கம்பளியைப் பெட்டிமேல் வைத்து, அதன்மேல் உட்கார்ந்து, பஸ் வரும் பக்கம் பார்க்க ஆரம்பித்தார்.

"இங்க எல்லா பஸ்ஸும் நிக்காதுங்க அண்ணே" என்றான் சின்னராஜ்.

"நிக்கிற பஸ்ஸுல போய்க்கிறேன். நீங்க போங்க."

பின்னால் ஒரு சுற்றுலா வேன் வந்து ஹாரன் அடித்தது. ரோடு குறுகல், திருப்ப இடமில்லை, நிற்கவும் இடமில்லை. சின்னராஜ் வண்டியை எடுத்தான். கண்ணாடியில் அவர் கொஞ்ச தூரம் தெரிந்தார், வளைவு வந்ததும் மறைந்தார். அவனுக்கு அழுகை வரவில்லை, வெட்கமாக இருந்தது. கீழே போய்ச் சேரும் வரை D-யிலேயே ஓட்டினான். குன்னூரில் நிறுத்திவிட்டு மீட்டரைப் பார்த்தபோது, லயத்தில் கிளம்பும்போது இருந்ததைவிட அதிகமாக இருந்தது.